வெற்றிலைக்குள் அடங்காத அழைப்பிதழ்

தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் வாடிக்கையாளர் பற்றிய அடையாளங்களையும் நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன். வீட்டிலிருந்தபடியே உள்ளூர் அச்சகங்களுக்கு அழைப்பிதழ்களும் சுவரொட்டிகளும் வடிவமைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஃபோட்டோஷாப்பை யாரிடமும் பயிலாமல் தாமாகவே பழகிக்கொண்டவர். திருமண வீட்டார் ஒருவர், 18 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமும் கொண்ட, வெற்றிலை வடிவில் வெட்டிய அழைப்பிதழ் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். அதில் ஏறத்தாழ 130 சொற்கள் வர வேண்டும், ஒரு வரியையும் குறைக்கக் கூடாது, பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும் என்பதால் எழுத்து 12 பாயிண்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

வாசகி முதலில் செவ்வகப் பெட்டியில் உரையைத் தட்டி, இலைப் படத்தோடு கிளிப்பிங் மாஸ்க் (வடிவத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கும் கருவி) போட்டிருக்கிறார். ஓரத்து எழுத்துகள் பாதியாக வெட்டுப்பட்டன. அந்த நிலையிலேயே மாதிரி அச்சும் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. பிறகு எழுத்தை வளைக்கும் வார்ப் டெக்ஸ்ட்டில் ‘பல்ஜ்’ (நடுவில் புடைக்கும் பாணி) கொடுத்துப் பார்த்தார். நடு எழுத்துகள் வீங்கி, ஓர எழுத்துகள் நசுங்கின. அடுத்து, இலையின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டினார். பார்க்க நன்றாகவே இருந்தது, ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரோடு ஒரு பட்டத்தைச் சேர்க்கச் சொன்னதும் அதற்குக் கீழிருந்த வரிகள் அத்தனையும் குலைந்தன. கடைசியாக, யாரோ சொல்லக் கேட்டு இலைக் கோட்டின் மேல் சொடுக்கினார். உரை உள்ளே இறங்காமல் விளிம்பைச் சுற்றி ஓடியது. இடையில் யூனிகோடு எழுத்துருவுக்கு மாறியபோது ‘கொ’, ‘மோ’ முதலியவை உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. ஃபோட்டோஷாப்புக்குத் தமிழ் வராதா, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வேறொரு வரைகலை மென்பொருள் வாங்க வேண்டுமா, வாடிக்கையாளர் சொல்வதுபோல எல்லாத் திருத்தங்களையும் இலவசமாகச் செய்து தர வேண்டுமா, இத்தகைய வேலைகளை இனி ஏற்காமல் இருப்பதுதான் நல்லதா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் இருக்கும் மென்பொருளே இந்த வேலைக்குப் போதும். உங்கள் கடைசி முயற்சி சரியான வழியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர்தான் விலகியிருந்தது. ஆனால் சரியான இடத்தில் சொடுக்கிய பிறகும் வாடிக்கையாளரின் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறப் போவதில்லை. அதற்குக் காரணம் நீங்களோ மென்பொருளோ இல்லை. அந்த இலையின் பரப்பளவு. இந்த இரண்டு செய்திகளையும் கலந்துகொண்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு சோர்வு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தனித்தனியாகவே பார்ப்போம்.

சொடுக்க வேண்டிய இடம்

கிளிப்பிங் மாஸ்க் என்பது கீழே உள்ள வடிவத்துக்கு வெளியே நிற்பதை மறைக்கும் கருவி மட்டுமே. புகைப்படத்தை இலை வடிவில் காட்ட அது நல்லது. எழுத்துக்கோ அது கத்தரிக்கோல்தான். வரியை மடித்து அடுத்த வரிக்கு அனுப்ப அதற்குத் தெரியாது. வார்ப் டெக்ஸ்ட்டில் உள்ள 15 பாணிகளும் எழுத்தின் உருவத்தையே வளைப்பவை. கடைப் பெயர் போன்ற ஓரிரு சொற்களுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். தமிழில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழிதான் வேறுபாடு, ‘கி’, ‘கீ’ இரண்டையும் பிரித்துக் காட்டுவது மேலே உள்ள சிறு வளைவு. அந்த வளைவுகளை நசுக்கினால் பத்திரிகையைக் கையில் வாங்கும் தாத்தாவுக்குப் பேரனின் பெயரே தடுமாறும். ஆகவே பத்தியாக ஓடும் உரைக்கு வார்ப் வேண்டாம்.

நீங்கள் தேடுவது மூடிய பாத் (பென் டூலால் வரையும் கோடு) ஒன்றின் உள்ளே உரையை ஓட விடும் முறை. பென் டூலை எடுத்து, மேலே உள்ள பட்டையில் ‘பாத்’ என்பதைத் தேர்ந்து, இலையின் கோட்டை வரைந்து, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டு வந்து மூடுங்கள். பிறகு டைப் டூலை எடுத்துக்கொண்டு சுட்டியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கோட்டின் மேல் வந்தால் சுட்டியின் குறுக்கே ஒரு நெளிகோடு தெரியும். அங்கே சொடுக்கினால் உரை விளிம்பைப் பிடித்து ஓடும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். அதையே சற்று உள்ளே நகர்த்தினால் சுட்டியைச் சுற்றி ஒரு புள்ளிவட்டம் தோன்றும். அந்த வட்டத்தைப் பார்த்த பிறகு சொடுக்குங்கள். இப்போது நீங்கள் தட்டுவதோ ஒட்டுவதோ எல்லாம் இலையின் அகலத்துக்கேற்பத் தானாகவே மடிந்து இறங்கும். தாய்மாமனுக்கு இன்னும் இரண்டு பட்டங்கள் சேர்ந்தாலும் கீழ் வரிகள் தாமே நகர்ந்து இடம் கொடுக்கும். உரை நிரம்பி வழிந்தால் பெட்டியின் கீழ் வலது மூலையில் ஒரு சிறு கூட்டல் குறி தெரியும். அதைக் கவனிக்காமல் கோப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டால் கடைசி வரிகள் காணாமல் போயிருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இலையின் வெட்டுக்கோட்டையே உரையின் எல்லையாக வைக்காதீர்கள். அட்டையை வடிவமாக வெட்டும் டை ஓரிரு மில்லிமீட்டர் விலகுவது இயல்பு. எனவே உரைக்கென்று உட்புறமாக இன்னொரு கோடு வேண்டும். இலைப் பாத்தைத் தேர்வாக மாற்றி, ‘செலக்ட்’ மெனுவில் ‘மாடிஃபை’, அதில் ‘கான்ட்ராக்ட்’ என்று போய் 71 பிக்சல் கொடுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் (300 பிபிஐ) கொண்ட கோப்பில் அது 6 மி.மீ. ஆகும். சுருங்கிய அந்தத் தேர்வைப் பாத் பேனலில் மீண்டும் பாத்தாக மாற்றிக்கொண்டால் உட்கோடு தயார். பின்னணி நிறமோ படமோ வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வரை பிளீடாக, அதாவது வெட்டில் போகும் கூடுதல் ஓரமாக, நீண்டிருக்கட்டும்.

அந்த உட்கோடு வெற்றிலையை அச்சாக ஒத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை அச்சிடப் போவதில்லை, யாரும் பார்க்கப் போவதும் இல்லை. உரை லேயரைத் தேர்ந்துகொண்டு, வெள்ளை அம்பான டைரக்ட் செலக்‌ஷன் டூலால் அதன் புள்ளிகளை இழுத்தால் உரையும் உடனே மாறி ஓடும். எந்த இடத்தில் ஒரு சொல் ஒற்றையாகத் தொங்குகிறதோ அங்கே கோட்டைச் சிறிது உள்ளே தள்ளுங்கள். எங்கே ஒரு நீண்ட சொல் நுழையாமல் அடுத்த வரிக்குப் போய் வெற்றிடம் விடுகிறதோ அங்கே வெளியே இழுங்கள். எண்டர் தட்டித் தட்டி நீங்கள் செய்ய முயன்றதை இந்தக் கோடு செய்து தரும். ஏதேனும் ஒரு வரியைக் கட்டாயமாக உடைக்க வேண்டியிருந்தால் ஷிஃப்டோடு சேர்த்து எண்டர் தட்டுங்கள், பத்தி உடையாது. அதையும் எல்லாத் திருத்தங்களும் முடிந்த பிறகே செய்யுங்கள்.

கொம்பும் காலும் பிரிந்தது ஏன்?

ஃபோட்டோஷாப்புக்குத் தமிழ் வராது என்ற முடிவு தவறானது. யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதைத் தொடரும் உயிர்க்குறியும்தான், கொம்பை முன்னால் கொண்டுபோய்க் காலைப் பின்னால் நிறுத்துவது மென்பொருளின் எழுத்துக்கோர்ப்புப் பொறியின் வேலை. அந்தப் பொறி உங்கள் கணினியில் இயக்கப்படாமல் இருக்கிறது. உங்களுடையது போன்ற சற்றுப் பழைய பதிப்பில், விருப்பத்தேர்வுகளில் ‘டைப்’ பகுதிக்குச் சென்று ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் முந்தைய சில பதிப்புகளில் அதே இடத்தில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். மென்பொருளை மூடித் திறந்த பின் புதிய கோப்பில் சோதித்துப் பாருங்கள். ஏற்கெனவே தட்டி வைத்த உரைக்குப் பாராகிராஃப் பேனலின் மெனுவிலும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

இந்த உடைசலைக் கண்டு நீங்கள் மறுபடியும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்கே திரும்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். செவ்வகப் பெட்டியில் அது காலந்தள்ளும். குறுகிய வடிவங்களில் காலை வாரும். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் இருப்பது நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். புள்ளி வைத்த ‘ழ்’ஐ மென்பொருள் ஓர் எழுத்தும் ஒரு நிறுத்தக்குறியுமாகவே பார்க்கும். ஒற்றைக் கொம்பு தனி எழுத்தாக நிற்பதால், வரி குறுகிச் சொல்லை உடைக்க நேரும் இடத்தில் கொம்பு மேல் வரியிலும் அதற்குரிய மெய் கீழ் வரியிலும் விழக்கூடும். ‘ஹைஃபனேட்’ என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருந்தால் அதை ஆங்கிலச் சொல்லாக எண்ணித் தன் விருப்பப்படி பிளக்கவும் பார்க்கும். ஆகவே இந்த வேலைக்கு யூனிகோடு எழுத்துருவே பாதுகாப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. தொழில்முறை அச்சு வேலைக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அந்த ‘ஹைஃபனேட்’ டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இலையின் கணக்கு

இனி வாடிக்கையாளரின் நிபந்தனைகள். ஒரு வடிவத்துக்குள் எவ்வளவு உரை கொள்ளும் என்பது எழுத்தளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. எழுத்தைக் குறைத்தால் வரியில் சொற்களும் கூடும், வரிகளின் எண்ணிக்கையும் கூடும். 12 பாயிண்ட்டை 10 ஆக்கினால் கொள்ளளவு 1.44 மடங்காகிறது. ஓரம் விடுவதும் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இடத்தை உண்ணும்: 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சுற்றிலும் 8 மி.மீ. விட்டாலே பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும். செவ்வகப் பெட்டியை உள்ளே வைத்துச் சமாளிக்கலாம் என்றால் வட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரம் அதில் 64 விழுக்காடுதான். முக்கோணத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய செவ்வகம் சரிபாதிதான். கோபுர வடிவம் கேட்கும் வாடிக்கையாளர் வரும்போது இந்தச் சரிபாதிக் கணக்கை நினைவில் வையுங்கள்.

உங்கள் இலையில் 6 மி.மீ. ஓரம் விட்டு, தமிழுக்குத் தேவையான வரி இடைவெளியையும் கொடுத்தால், 12 பாயிண்ட்டில் தோராயமாக 90 சொற்கள் கொள்ளும் என்பது என் மதிப்பீடு. மேலே ‘கி’யின் வளைவும் கீழே ‘கு’வின் இறக்கமும் முட்டாமலிருக்க 12 பாயிண்ட் எழுத்துக்கு 16, 17 பாயிண்ட் வரி இடைவெளி வேண்டும், அதைக் குறுக்கி இடம் பிடிக்க வேண்டாம். 130 சொற்களும் வந்தே தீர வேண்டுமானால் எழுத்து 10 பாயிண்ட்டுக்கு இறங்கும், அதுவும் மூச்சு முட்டித்தான். அட்டையைப் பெரிதாக்கலாம், எழுத்தைச் சிறிதாக்கலாம், சொற்களைக் குறைக்கலாம். ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் சொற்களைத்தான் குறைக்கச் சொல்வேன். வரவேற்பு நேரம், மண்டபத்துக்கு வழி, உறவினர் பட்டங்கள் ஆகியவற்றை இலையின் பின்பக்கத்துக்கோ தனிச் சீட்டுக்கோ கொண்டுபோனால் 40 சொற்கள் எளிதில் குறையும்.

நம் புலவர்களும் வடிவத்துக்குச் சொற்களைத்தான் வளைத்தார்கள். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சித்திரகவியின் (படத்துக்குள் அடங்கும்படி எழுதும் செய்யுளின்) வகைகளுள் ஒன்றாகச் சொல்லும் நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். அவற்றின் உடல்கள் குறுக்கிடும் கட்டத்தில் நிற்கும் எழுத்து இரண்டு செய்யுள்களுக்கும் பொதுவாக அமைய வேண்டும். பாம்பை வரைந்துவிட்டு, எழுதி முடித்த வெண்பாவை அதில் திணிக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர் தமிழ் ஆர்வலர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அவரிடம் சொன்னால் கணக்கைவிட விரைவில் இறங்கி வரவும் கூடும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய படத்தில் காம்பு மேலேயும் நுனி கீழேயும் இருக்கின்றன. இந்த அமைப்பில் இரண்டு சிக்கல்கள். மேலே காம்பு சேரும் இடத்தில் உள்ள பள்ளம் முதல் இரண்டு மூன்று வரிகளை நடுவில் பிளக்கும். மென்பொருள் பள்ளத்தைத் தாண்டி அதே வரியைத் தொடரும், படிப்பவரோ இடப்பக்கத்தை முழுவதும் படித்துவிட்டு வலப்பக்கம் வருவார். அடுத்து, நம் ஊர் அழைப்பிதழில் இரு வீட்டார் பெயர்களும் கடைசியில் அருகருகே வரும். அங்கேதான் அதிக அகலம் தேவை, இலையோ அங்கே ஊசியாகக் குறுகுகிறது.

நுனியை மேலே வைத்தால் இரண்டும் தீரும். நுனியில் பிள்ளையார் சுழி, அதன் கீழே குலதெய்வத்தின் பெயர், அதற்கும் கீழே ‘திருமண அழைப்பிதழ்’ என்று வரி வரியாக அகலம் கூடும். நடுவில் செய்தி முழு அகலத்தில் ஓடும். அடியில் பள்ளத்தின் இருபுறமும் உள்ள வளைவுகளில் மணமகள் வீட்டார் ஒருபக்கம், மணமகன் வீட்டார் மறுபக்கம். பள்ளமே இரு குடும்பங்களுக்கும் நடுவில் இடைவெளியாகிவிடும். சுழியையும் பெயர்களையும் தனித்தனி உரை லேயர்களாக வைத்துக்கொண்டு, நடுப்பகுதிக்கு மட்டும் பாத்தைப் பயன்படுத்துங்கள். வெற்றிலையின் நுனி எத்திசை பார்க்க வேண்டும் என்பதில் சில வீடுகளில் முறை உண்டு. எனவே செய்து முடித்துவிட்டுச் சொல்லாமல், முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரையை இருபுறமும் சமமாக இழுத்து இலையை நிரப்ப வேண்டுமா என்பதிலும் அவசரம் வேண்டாம். அட்டையே இலையாக வெட்டப்பட்டிருக்கும்போது வடிவம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்து அதை இரண்டாம் முறை வரைந்து காட்டத் தேவையில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘அழைத்து மகிழ்கிறோம்’ என்ற இரண்டே சொற்கள் உள்ள வரியை இழுத்தால் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும். ஆகவே நடுச்சீரமைப்பே இங்கு அழகு. கோடு எதுவும் இல்லாமல் எழுத்தே வடிவத்தைக் காட்ட வேண்டிய சுவரொட்டிகளுக்கு மட்டும் இருபுறச் சீரமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எழுத்தைச் சிறிதாக்கி வரிக்கு ஐந்தாறு சொற்களாவது வரும்படி செய்தால்தான் இடைவெளிகள் கண்ணை உறுத்தா.

மென்பொருள் வாங்குவது பற்றி

இந்த ஒரு வேலைக்காக இல்லஸ்ட்ரேட்டருக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. அதில் ஓரம் விடுவதற்கு ‘ஏரியா டைப் ஆப்ஷன்ஸ்’ என்ற தனி வசதி இருப்பது சற்று எளிது, அவ்வளவே. அச்சகக்காரர் சொல்லும் கோரல்டிராவிலும் மூடிய வடிவத்தின் உள்விளிம்பருகே டெக்ஸ்ட் டூலால் சொடுக்கினால் உரை உள்ளே இறங்கும். ஆனால் ‘ஃபிட் டெக்ஸ்ட் டு ஃபிரேம்’ என்பது எழுத்தளவையே மாற்றி அடக்குவது, 12 பாயிண்ட் நிபந்தனை உங்களுக்குத் தெரியாமலே மீறப்பட்டிருக்கும். செலவில்லாமல் பழக வேண்டுமானால் இங்க்ஸ்கேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்: உரையையும் வடிவத்தையும் ஒருசேரத் தேர்ந்து ஆல்ட்டோடு டபிள்யூ தட்டினால் போதும், தமிழும் ஒழுங்காகக் கோர்க்கப்படும். அது திரைக்குரிய ஆர்ஜிபி நிறங்களில் இயங்குவதால் அச்சுக்கு முன் நிறங்களை மாற்றிச் சரிபார்க்க வேண்டும். கிம்ப் இதற்கு உதவாது. பாத்தின் விளிம்பில் எழுத்தை ஓட்டும் வசதி அதில் உண்டு, உள்ளே நிரப்பும் வசதி இல்லை. நண்பர் தருவதாகச் சொன்ன ‘கிராக்’ பதிப்பை வாங்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம்; வாடிக்கையாளர்களின் கோப்புகள் இருக்கும் கணினியில் யாரோ திருத்திய நிரலை ஏற்றுவது தொழிலுக்கே ஆபத்து.

யார் செலவு, யார் பொறுப்பு

திருமண வீட்டாருக்கு எல்லாவற்றையும் இலவசமாகச் செய்து தர வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பணம் கேட்பதும் முறையில்லை. ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டது உங்கள் வேலையில் நேர்ந்த பிழை. அதைச் சரிசெய்து புது மாதிரி அச்சு ஒன்றை உங்கள் செலவில் கொடுங்கள். நல்ல வேளையாக நின்றது மாதிரியோடுதான், முழு அச்சும் ஓடவில்லை. பட்டத்தைச் சேர்த்ததோ, அவர்கள் முன்பே சம்மதம் சொன்ன உரையில் செய்த மாற்றம். அதற்குக் கட்டணம் கேட்க உங்களுக்கு முழு நியாயமும் உண்டு. ஆனால் எத்தனை திருத்தம் வரை விலைக்குள் அடங்கும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால், இந்த முறை அதை வற்புறுத்துவது உறவைக் கெடுக்கும். அடுத்த வேலையிலிருந்து வாட்ஸாப்பிலேனும் எழுதிக் கேளுங்கள்: இறுதி உரை இதுதானா, இரண்டு திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம் சம்மதமா, மாதிரியைப் பார்த்து ‘சரி’ சொன்ன பிறகு வரும் எழுத்துப் பிழைக்கு யார் பொறுப்பு. ‘சரி’ என்ற பதில் எழுத்தில் வந்த பிறகே கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும்.

கோப்பை அனுப்பும்போது உரையைத் திருத்தக்கூடிய பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அச்சகத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் ‘கன்வர்ட் டு ஷேப்’ கொடுத்து எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துருவோ வேர்ல்ட்-ரெடி அமைப்போ இல்லாவிட்டாலும் கொம்பும் காலும் கலையாது.

இத்தகைய வேலைகளை மறுக்கத் தேவையில்லை. செவ்வக அட்டையைவிட இவற்றுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் விலையை அதற்கேற்பச் சொல்லுங்கள். இப்போது முதல் வேலையாக, வெட்டப் போகும் டையின் கோட்டை அச்சகத்திடமிருந்து கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். அந்தக் கோட்டுக்குள், நுனி மேலே உள்ள அமைப்பில், 12 பாயிண்ட்டில் 90 சொற்களோடு ஒன்றும், 10 பாயிண்ட்டில் 130 சொற்களோடு ஒன்றுமாக இரண்டு மாதிரிகளைச் சாதாரணத் தாளில் உண்மை அளவிலேயே அச்சிட்டு, இலையாக வெட்டி, திருமண வீட்டாரின் கையில் கொடுங்கள். கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு 10 பாயிண்ட் எவ்வளவு சிறியது என்பது தெரியாது. தாளில் பார்த்தால் அந்த வீட்டுப் பெரியவரே எது வேண்டும் என்று சொல்லிவிடுவார்.